பொன்னிற அரிசியும் மாலைக்கண் நோயும்

கோபிசெட்டிபாளையத்தைச் சுற்றிலும், கொடிவேரி அணையினின்று பிரியும் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்களின் பாசனத்தில் நெல் செழிப்பாக விளைகின்றது. ஆயினும், தீட்டிய அரிசிச் சோற்றையே பெரும்பாலும் உண்டு, கீரை, கனி, பால் முதலியன போதிய அளவு கிடைக்கப்பெறாத குழந்தைகளுக்கு வைட்டமின் 'ஏ' குறைவினால் மாலைக்கண் நோய் உண்டாகக்கூடும். அது முற்றினால் பார்வையே போய்விடும்.

நெற்பயிரின் இலையில் பீட்டா கரோட்டின் என்னும் சத்து உண்டு. உடலில் அதுவே வைட்டமின் 'ஏ' ஆக மாறும். ஆனால் அரிசியில் அச்சத்து இல்லாமையால், நெல் இனங்களை ஒன்றோடொன்று கலந்து இக்குறையை நீக்க இயலவில்லை. ஆகவே, வம்ச குணங்களைக் கடத்தும் மரபணுக்களை வேறு உயிர்களினின்று எடுத்து நெல்லிற் சேர்க்கும் முறையை இங்கோ பொட்ரிகஸ், பீட்டர் பெயர் என்னும் விஞ்ஞானிகள் கையாண்டு, 2000-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். டாஃபோடில் என்னும் பூஞ்செடியிலிருந்தும் ஒரு பாக்டீரியாவிலிருந்தும் மரபணுக்கள் எடுக்கப்பட்டன. அரிசி மஞ்சள் நிறம் பெற்றது. 2005-இல் டாஃபோடில் மரபணுவுக்குப் பதிலாக மக்காச்சோளத்தின் மரபணுவைச் சேர்த்ததில், கிராம் ஒன்றுக்கு 37 மைக்ரோகிராம் வரை கரோட்டின் வகைச் சத்து கிடைத்தது. இக்குணத்தை இந்திய நெல் ரகங்களுக்கு ஏற்றும் முயற்சியில் கோயமுத்தூர் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் பங்கு கொண்டது.

எனினும் இடையூறுகள் இல்லாமலில்லை. புது தில்லி இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தார் சுவர்ணா ரகத்தில் இக்குணத்தை ஏற்றியபோது, பயிர் குட்டையாகி, இலை வெளிறி, மகசூல் மிகவும் குறைந்தது. புதிய மரபணு புகுந்த இடத்தில் நெல்லின் சொந்த மரபணுவொன்று சிதைந்தமையே காரணமென்று 2017-இல் தெரிவித்தனர். சேர்க்கும் மரபணு நல்லதாயிருந்தால் மட்டும் போதாது. அது அமையும் இடமும் பொருந்த வேண்டும் என்பது இதனால் விளங்கும். மேலும், அரிசியைச் சேமித்து வைக்குங்கால் கரோட்டின் நாளடைவில் குறைந்துவிடும்.

பிலிப்பைன்ஸ் நாட்டில் 2021-இல் இந்நெல்லைப் பயிரிட அனுமதி வழங்கப்பட்டது. 2024-இல் அந்நாட்டு நீதிமன்றம் அதனை நிறுத்திவைத்தது. இந்தியாவில் இதற்கு அனுமதியில்லை. ஆகையால், பொன்னிற நெல் விதையென்று எவரேனும் விற்க முன்வந்தால் குடியானவர்கள் வாங்கலாகாது.

வரப்போரத்தில் இரண்டு முருங்கையும், கொல்லையில் ஒரு பப்பாளியும், ஒரு பாத்தி கீரையும் வைத்துக்கொள்வது எக்குடும்பத்திற்கும் எளிது. கீரையைச் சிறிது எண்ணெய் சேர்த்துச் சமைத்தால் இச்சத்து உடலில் நன்கு சேரும். அந்தி நேரத்தில் குழந்தை தடுமாறி நடப்பதைக் கண்டால், தாமதியாமல் மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும்.