மேசைத் தொலைபேசிக்கு ஒரு தனிக் கணினி

திருவக்கரைக்கு வெளியூர் நண்பர்களை அழைத்துச் செல்லும்போதெல்லாம் ஒரு காட்சி தவறாமல் நிகழும். கல்மரப் பூங்காவில் சாய்ந்து கிடக்கும் அடிமரத்தைக் கண்டதும் மரம்தானே என்று குனிந்து தட்டிப் பார்ப்பார்கள், விரல் வலிக்கும். நாரும் முடிச்சும் மரத்தைப் போலவே இருக்கின்றன. ஆனால், ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளில் மரத்தின் உட்பொருள் இருந்த இடத்தையெல்லாம் சிலிக்கா எடுத்துக்கொண்டுவிட்டது.

இன்று அலுவலக மேசைகளில் இருக்கும் தொலைபேசியும் ஏறக்குறைய அத்தகையதே. ஒலிவாங்கி, எண் பொத்தான்கள், சுருண்ட கம்பி எல்லாம் பழைய தோற்றத்தில் இருக்கின்றன. உள்ளே இருப்பதோ ஒரு சிறு கணினி. அதை இயக்குவது 'ஃபர்ம்வேர்' எனப்படும் நிலைப்பொருள். அந்த நிலைப்பொருள் எங்கிருந்து வருகிறது, யார் பொறுப்பில் இருக்கிறது என்று எந்த அலுவலகத்திலாவது கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் 'தொலைபேசியைப் பொருத்தியவருக்குத்தான் தெரியும்' என்பதே பதிலாக இருக்கும்.

இதன் விலையை நான் ஒரு மருத்துவமனையில் பார்த்தேன். பெயர் வேண்டாம். அங்கு 60 இணையத் தொலைபேசிகள். வலையமைப்பைக் கவனிக்கும் பணி என்னுடையது. ஒரு நாள் மாலை, தொலைபேசிகளுக்குப் புதிய நிலைப்பொருளை ஏற்ற வந்தவர், அதற்குரிய கோப்புகளைக் கட்டண ரசீது போடும் கணினியிலேயே வைத்துவிட்டுப் போனார். அதன் வட்டில் இடம் ஏறக்குறைய தீர்ந்திருந்தது. கோப்பு பாதிதான் பதிவானது. தொலைபேசிகள் அதைப் பெற்றன, சரிபார்த்தன, குறை கண்டு நிராகரித்தன, மீண்டும் தொடங்கின, மீண்டும் அதே கோப்பைக் கேட்டன. இரவு முழுவதும் 60 கருவிகளும் இந்தச் சுழலில் சிக்கிக் கிடந்தன. ரசீதுக் கணினியும் திணறியது. வார்டிலிருந்து இரத்த வங்கிக்குப் பேச வழியில்லை. 'நாலு தடவை மாடிப்படி ஏறி இறங்கிட்டேன் சார், அஞ்சாவது தடவை ஏற முடியாம கையெழுத்துச் சீட்டைக் கொடுத்தனுப்பினேன்' என்றார் இரவுப் பணியில் இருந்த செவிலியர். எந்த உயிரும் போகவில்லை. அதை எங்கள் திறமை என்று சொல்லிக்கொள்ள எனக்குத் துணிவில்லை.

நடந்தது என்ன என்பதைப் புரிந்துகொள்ள, தொலைபேசி எப்படிக் கண்விழிக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். மின்சாரம் வந்தவுடன் அது வலையமைப்பிடம் தனக்கொரு முகவரி கேட்கிறது. 'டிஹெச்சிபி' என்னும் ஏற்பாடு முகவரியைத் தரும்போதே, கோப்புகள் இருக்கும் சேவையகத்தின் இடத்தையும் சொல்லிவிடுகிறது. பொதுவாக இதற்கு 66 என்ற எண்ணுள்ள விருப்பம் பயன்படும். சிஸ்கோ கருவிகள் 150-ஐயும் பார்க்கும். தொலைபேசி அந்தச் சேவையகத்துக்குப் போய்த் தன் பெயரிலுள்ள அமைப்புக் கோப்பை எடுக்கிறது. தன்னிடம் உள்ள நிலைப்பொருளின் பதிப்பும் அதில் குறிப்பிட்டுள்ள பதிப்பும் வேறாக இருந்தால், புதியதைப் பெற்று நினைவகத்தில் எழுதிக்கொண்டு மறுபடியும் எழுகிறது.

கோப்பை எடுத்துவர நெடுங்காலமாகப் பயன்படும் வழி 'டிஎஃப்டிபி'. அப்பெயரின் முதற்சொல்லுக்கே 'அற்பமான' என்றுதான் பொருள். 1981-இல் வெளியான அதன் விதிமுறை 1992-இல் திருத்தப்பட்டது. கோப்பை 512 பைட்டுத் துண்டுகளாக வெட்டி, ஒன்றை அனுப்பி, 'வந்து சேர்ந்தது' என்ற பதில் கிடைத்த பிறகே அடுத்ததை அனுப்பும். 1 கோடி பைட்டுள்ள ஒரு நிலைப்பொருள் சுமார் 20 ஆயிரம் துண்டுகளாகும். ஒரே கட்டடத்தில் துண்டு போய்ப் பதில் வர 1 மில்லிவிநாடி என்றால் 20 விநாடியில் வேலை முடியும். தொலைவிலுள்ள நகரத்துச் சேவையகத்திலிருந்து வர 20 மில்லிவிநாடி என்றால் ஏறத்தாழ 7 நிமிடம். இது ஒரே ஒரு தொலைபேசிக்கு. துண்டின் அளவைப் பெரிதாக்கிக்கொள்ளும் வசதி பின்னர் வந்தது. எல்லாக் கருவிகளும் அதைப் பயன்படுத்துவதில்லை.

மத்திய அரசு 2005-இல் ரூ.3,334 கோடி மதிப்பில் ஒப்புதல் அளித்த மாநிலப் பெரும்பரப்பு வலையமைப்புத் திட்டம், தலைநகரிலிருந்து வட்டார அலுவலகம் வரை குறைந்தது 2 எம்பிபிஎஸ் இணைப்பை இலக்காகக் கொண்டது. தரவு, குரல், காணொலி மூன்றும் அதில்தான் செல்லவேண்டும். அத்தகைய இணைப்பின் மறுமுனையில் இருந்துகொண்டு 60 தொலைபேசிகள் ஒரே நேரத்தில் நிலைப்பொருளைக் கேட்டால், வேறெதுவும் ஓடாவிட்டாலும் 40 நிமிடம் பிடிக்கும். அந்த நேரத்தில் சான்றிதழ் கேட்டு வரிசையில் நிற்பவருக்குக் 'கணினி மெதுவாக இருக்கிறது' என்ற பதிலே கிடைக்கும்.

எங்கள் பகுதிக்கு இன்னொரு காரணமும் உண்டு. 2024 நவம்பர் 30 அன்று ஃபென்ஜால் புயல் கரையைக் கடந்தபோது, அருகிலுள்ள மயிலத்தில் ஒரே நாளில் 51 செ.மீ. மழை பதிவானது. அப்படிப்பட்ட இரவில் மின்சாரம் போய்ப் போய் வரும். வெளி இணைப்பும் அறுந்து அறுந்து ஒட்டும். பல தொலைபேசிகள் கடைசியாகப் பெற்ற அமைப்பை நினைவில் வைத்து எழுந்துவிடும் என்பது உண்மையே. ஆனால், நினைவகத்தில் எழுதும் தறுவாயில் மின்சாரம் போனால், மாற்றுப் பிரதி வைத்துக்கொள்ளாத பழைய கருவி பிறகு எழாமலே போகலாம்.

ஆகவே, தனிச் சேவையகம் அதே கட்டடத்தில் இருப்பதே முறை. இதற்குப் பெருஞ்செலவு ஆகாது. ஒதுக்கி வைத்த பழைய கணினி ஒன்றில் லினக்ஸை நிறுவினால் போதும். மாறாத முகவரி ஒன்றை அதற்குத் தரவேண்டும். புதிய தொலைபேசிகள் 'ஹெச்டிடிபி' வழியையும் ஏற்பதால் இரண்டையும் திறந்து வைக்கலாம். இந்தக் கணினிக்கும், தொலைபேசிகளுக்கு மின்சாரம் தரும் சுவிட்சுக்கும் யுபிஎஸ் கட்டாயம். பின்னதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். கோப்பை ஏற்றியதும், உற்பத்தியாளர் வெளியிட்ட சரிபார்ப்புக் குறியீட்டுடன் ஒப்பிட வேண்டும். எங்கள் மருத்துவமனையில் இரண்டு நிமிடம் பிடிக்கும் இந்த ஒரு வேலை செய்யப்பட்டிருந்தால் அன்றைய இரவு நேர்ந்திருக்காது. முதலில் ஒரு தொலைபேசி, மறுநாள் ஒரு தளம், அதன் பிறகே மற்றவை. பழைய பதிப்பை அழிக்கக் கூடாது. சில மாதிரிகள் பின்னோக்கிச் செல்ல மறுக்கும் என்பதையும் முன்பே படித்து அறியவேண்டும்.

'எங்கள் தொலைபேசி நன்றாகத்தானே பேசுகிறது, நிலைப்பொருளை ஏன் தொடவேண்டும்?' என்று ஒரு நிர்வாகி என்னைக் கேட்டார். நியாயமான கேள்விதான். 2019-இல் மெக்காஃபி ஆய்வாளர்கள் அவாயா 9600 வரிசைத் தொலைபேசிகளில் ஒரு பெருங்குறையைக் கண்டறிந்தனர். 2009-இலேயே உலகறிந்த ஒரு பிழை, பத்தாண்டுகளாக அந்தக் கருவிகளுக்குள் திருத்தப்படாமல் இருந்தது. வெளியாள் ஒருவர் அதைக் கொண்டு தொலைபேசியைக் கைப்பற்றி, அறையில் நடக்கும் பேச்சையே கேட்க முடியும். நிறுவனம் திருத்திய பதிப்பை வெளியிட்டது. வெளியான திருத்தம் மேசைக்கு வந்துசேர, அதைக் கொண்டுவந்து ஏற்ற ஓர் இடமும் ஆளும் வேண்டுமல்லவா?

அந்த இடமே ஓட்டையாகவும் ஆகலாம். டிஎஃப்டிபி கடவுச்சொல் கேட்காது. தொலைபேசியின் வன்பொருள் முகவரி தெரிந்தால் அமைப்புக் கோப்பின் பெயரை ஊகிக்கலாம். கோப்பில் அழைப்புக் கணக்கின் கடவுச்சொல் இருக்கக்கூடும். அது வெளியே போனால், நள்ளிரவில் யாரோ பேசும் வெளிநாட்டு அழைப்புகளுக்கு அலுவலகம் பணம் கட்டவேண்டி வரும். எனவே, தொலைபேசிகளுக்கென வலையமைப்பில் தனிப் பிரிவு அமைத்து, அதற்குள் மட்டுமே இந்தச் சேவையகம் தெரியவேண்டும். கோப்புகளைப் படிக்க மட்டுமே அனுமதி. எழுதும் உரிமை ஒருவருக்கோ இருவருக்கோ போதும். வருகையாளர்களுக்கான வைஃபையிலிருந்து அதை எட்ட முடிகிறதா என்று சோதித்துப் பார்ப்பது நல்லது. நான் சோதித்தபோது எட்ட முடிந்தது.

அரசு அலுவலகமோ தனியார் நிறுவனமோ இணையத் தொலைபேசிக்கு ஒப்பந்தப்புள்ளி கோரும்போது, விலைப்பட்டியலோடு மூன்று வரிகளைச் சேர்த்துக்கொள்ளலாம். நிலைப்பொருளும் அமைப்புக் கோப்புகளும் வாங்குபவரின் கட்டடத்திலுள்ள சேவையகத்தில் ஒப்படைக்கப்பட வேண்டும். அதன் கடவுச்சொல் அலுவலகப் பொறுப்பாளரிடம் எழுத்து மூலம் தரப்படவேண்டும். குறிப்பிட்ட ஆண்டுகள் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் கட்டணமின்றி வழங்கப்படவேண்டும். கடைசி வரிக்குத்தான் விற்பனையாளர்கள் முகம் சுளிப்பார்கள். அவர்கள் கையெழுத்திடும் வரை முன்பணத்தை நிறுத்தி வைப்பதில் தவறில்லை.