பாட்டுப்பெட்டி: புதியதா, பழையதா?

வீட்டுக்கு ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர் வாங்கும் இரும்பை, மரக்காணம் பகுதி வணிகர்கள் விலையோடு உப்பளக் காற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். உப்பும் ஈரமும் சேர்ந்தால் செம்பு பச்சை பூக்கும். வால்யூம் கண்ட்ரோல் கரகரக்கும்.

சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் பழைய செட் மலிவாகக் கிடைக்கலாம். மின் இணைப்பைத் துண்டித்து, மெக்கானிக்கைக் கொண்டு மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். துருவோ உப்பிய கண்டென்சரோ இருந்தால் செலவு காத்திருக்கிறது. ஸ்பீக்கரின் விளிம்பு நுரை தொட்டால் உதிர்கிறதா? விட்டுவிடுங்கள். அரைமணி நேரம் ஓடவிட்டுக் கேளுங்கள்; சில பழுதுகள் சூடேறிய பிறகே வெளிப்படும்.

புதியதற்கு விலை கூடுதல். ஆனால் ரசீதும் உத்தரவாதமும் உண்டு. பழையதன் விலையோடு பழுதுச் செலவைக் கூட்டுங்கள். அது புதியதன் விலையை நெருங்கினால் புதியதே லாபம். பருப்பைக் கையில் அள்ளிப் பார்த்து வாங்கும் நமக்கு இது புதிதல்லவே!