நூலிற் கண்ட வட்டக் கோயில்: பழைய ஆங்கிலக் கட்டடப் படங்களும் சென்னையும்

சின்ன காஞ்சிபுரத்தில் பட்டு நெய்வார், புடைவையின் கரையிலும் முந்தியிலும் அமைய வேண்டிய உருவை முதலில் கட்டமிட்ட தாளில் வரைந்துகொள்வர். எந்த இழை மேலெழ வேண்டும், எந்த இழை கீழடங்க வேண்டும் என்பதை அத்தாள் காட்டும். பட்டின் முறுக்கினையும், சரிகையின் கனத்தினையும், நெய்பவர் கையின் அழுத்தத்தினையும் அது காட்டாது. அவற்றைத் தறியில் அமர்ந்தவரே தர வேண்டும். ஆதலின், ஒரே தாளைக் கொண்டு இருவர் நெய்த இரு புடைவைகள் முற்றும் ஒத்திருத்தல் அரிது.

தாளிலுள்ள வடிவம் பொருளாக மாறுங்கால் எவை கூடுகின்றன, எவை குறைகின்றன என்னும் இவ்வினா கட்டடக் கலைக்கும் உரியதாகும். பழைய ஆங்கிலக் கட்டடங்களைக் காட்டும் அச்சுப்படங்கள் நம் நாட்டு வரலாற்று ஆராய்ச்சியிற் பெரிதும் எடுத்தாளப்படுகின்றன. அவை எத்தகைய சான்றுகள், அவற்றை எவ்வளவு நம்பலாம் என்பதைச் சென்னை எழும்பூரிலுள்ள ஒரு கோயிலைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

படங்களின் வகை

இப்படங்களை அவற்றின் பயன் கருதி மூவகையாகப் பகுக்கலாம். அழிந்த கட்டடத்தை நினைவிற் காப்பன ஒருவகை. நெடுந்தொலைவிலுள்ள கட்டடத்தைக் காட்சியாக்கிக் காட்டுவன மற்றொரு வகை. கட்டப்பட வேண்டியதற்கு முன்மாதிரியாக நிற்பன மூன்றாம் வகை.

முதல்வகைக்கு இலண்டன் நகரத்துப் பழைய தூய பவுல் பெருங்கோயிலின் படங்கள் தக்க சான்றாகும். வில்லியம் டக்டேல் 1658இல் வெளியிட்ட அக்கோயில் வரலாற்றுக்காக, பிராகா நகரிற் பிறந்த வென்சுலாசு ஹாலர் என்பார் செப்புத்தகட்டில் அமிலங்கொண்டு அரித்துப் படங்களை ஆக்கினார். 1666இல் இலண்டனை எரித்த பெருந்தீயில் அக்கோயில் அழிந்தது. இன்று அவ்விடத்தில் நிற்பது கிறித்தோபர் ரென் கட்டிய புதிய கோயில். எனவே, பழைய கோயிலின் தோற்றத்தை அறிவதற்கு ஹாலரின் படங்கள் இன்றியமையாத துணையாக உள்ளன. எனினும், அவருடைய படங்களுள் ஒன்று கோயிலை அதன் உயர்ந்த கூர்முடியோடு காட்டுகின்றது. அக்கூர்முடியோ 1561இல் இடி விழுந்து எரிந்துபோனது. ஹாலர் பிறந்தது 1607இல். தாம் காணாத ஒன்றையே அவர் வரைந்தார் என்பது இதனாற் போதரும். கண்டு வரைந்ததும் கேட்டு வரைந்ததும் ஒரே நூலில், ஒரே கையால், ஒரே தெளிவோடு அமைந்துள்ளன. பார்ப்பவர்க்கு வேறுபாடு தோன்றுவதில்லை.

இரண்டாம் வகை நமக்கு நெருங்கியது. கிழக்கிந்தியக் கம்பெனியார் தம் இலண்டன் மாளிகையை அணிசெய்தற்பொருட்டு, 1732இல் ஜார்ஜ் லாம்பர்ட், சாமுவேல் ஸ்காட் என்னும் இருவரைக் கொண்டு தம் குடியிருப்புகளுள் ஆறனை ஓவியமாகத் தீட்டுவித்தனர். அவற்றுள் புனித ஜார்ஜ் கோட்டையும் ஒன்று. அவ்விருவரும் இந்தியாவைக் கண்டவரல்லர். 1754இல் வெளிவந்த யான் வான் ரைன் என்பாரின் கோட்டைப்படமும் இன்று பல நூல்களில் எடுத்தாளப்படுகின்றது. அவரும் இந்நாட்டுக்கு வந்தவரல்லர். 1754 என்பது படம் வெளிவந்த ஆண்டேயன்றி, கோட்டை காணப்பட்ட ஆண்டு அன்று. இடையில், 1746 முதல் 1749 வரை கோட்டை பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. அக்காலத்தே பல மாறுதல்களும் நேர்ந்தன. அந்நிகழ்ச்சிகளைப் பற்றி ஆனந்தரங்கப் பிள்ளை தமிழில் எழுதிவைத்த நாட்குறிப்பு இருக்கவும், கடல் கடவாதார் வரைந்த படத்தையே முதற்சான்றாகக் கொள்ளுதல் முறையாகாது.

தாமஸ் டேனியலும் அவர்தம் உடன்பிறந்தார் மகன் வில்லியம் டேனியலும் இவரின் வேறுபட்டவர். அவர்கள் 1792இல் சென்னைக்கு வந்து, ஒளியை ஒரு துளைவழிப் பாய்ச்சி உருவை விழச்செய்யும் இருட்பெட்டியின் துணையோடு கட்டடங்களை வரைந்தனர். கோட்டையும் கறுப்பர் நகரும் அடங்கிய அவர்தம் படங்கள் 1797ஆம் ஆண்டு தொட்டு இலண்டனில் அச்சாயின. கண்ட காலத்துக்கும் அச்சான காலத்துக்கும் இடையே ஏறத்தாழ ஐந்தாண்டு உண்டு. நிறமும் வானமும் மாந்தர் உருவமும் இலண்டனில் அமைந்தன என்பதையும் உளங்கொள்ளல் வேண்டும். ஆயினும், கட்டடத்தின் அளவும் அமைப்பும் நேரிற் கண்டன ஆதலின், அவை வான் ரைன் படத்தினும் நம்பத்தக்கனவாம்.

முதல்நூல்

மூன்றாம் வகையே இக்கட்டுரைக்கு உயிராவது. ஸ்காட்லாந்து நாட்டு அபர்டீன் நகரை அடுத்துப் பிறந்த ஜேம்ஸ் கிப்ஸ் (1682-1754) உரோம நகரத்திற் கட்டடக் கலை பயின்றவர். இலண்டனில் தூய மார்ட்டின் கோயிலை அவர் 1722 முதல் 1726 வரை எழுப்பினார். கிரேக்கக் கோயிலைப் போன்ற தூண்வரிசை முகப்பும், அதன்மேல் எழும் கூர்முடிக் கோபுரமும் ஒருங்கமைந்த அக்கோயில் பிற்காலத்தார் பலர்க்கும் வழிகாட்டியாயிற்று. கிப்ஸ் 1728இல் தம் கட்டட வடிவங்களைத் தொகுத்து, 150 படங்கொண்ட பெருநூலாக வெளியிட்டார். நல்ல கட்டடக் கலைஞரின் துணை கிட்டாத தொலைவிடங்களில் வாழ்வார்க்கு அந்நூல் பயன்பட வேண்டும் என்பது அவர் கருத்து. அவர் கருதிய தொலைவு இங்கிலாந்து நாட்டுப்புறமாகலாம். ஆயின், நூல் அமெரிக்கக் குடியேற்றங்களுக்கும் சென்றது, இந்தியாவுக்கும் வந்தது.

அந்நூலில் ஒரு புதுமை உண்டு. தூய மார்ட்டின் கோயிலுக்குக் கிப்ஸ் முதலில் வட்ட வடிவான அமைப்பொன்றனையே வரைந்தார். பொறுப்பாளர் அதனை விரும்பினர்; எனினும் செலவு மிகும் என்று அஞ்சிக் கைவிட்டனர். பின்னரே இன்று காணும் நீள்சதுர அமைப்புக் கட்டப்பட்டது. கைவிடப்பட்ட வட்ட வடிவத்தையும் கிப்ஸ் தம் நூலில் அச்சிட்டுவைத்தார். இலண்டனில் எழாத ஒரு கோயில் இவ்வாறு தாளில் மட்டும் தொண்ணூறு ஆண்டுகள் நின்றது.

வழிநூல்

ஸ்காட்லாந்துத் திருச்சபையினர்க்கென எழும்பூரில் தூய ஆண்ட்ரூ கோயிலை எழுப்பும் பணி, சென்னைப் பொறியாளர் படையைச் சார்ந்த தாமஸ் பியட் டி ஹாவிலண்ட் என்பாரிடம் வந்தது. 1818இல் தொடங்கிய வேலை 1821இல் நிறைவுற்றது. முகப்பும் கோபுரமும் தூய மார்ட்டின் கோயிலை நினைவூட்டுவன. உள்ளே நுழைவார்க்கோ வட்டமான மண்டபமே காட்சி தரும். பதினாறு தூண்கள் சூழ நின்று, ஏறத்தாழ 51 அடி குறுக்களவுள்ள குவிமாடத்தைத் தாங்குகின்றன. குவிமாடத்தின் உட்புறம் நீலவானமாக விண்மீன்களோடு தீட்டப்பட்டுள்ளது. இலண்டன் மறுத்த வட்டம் சென்னையில் உருப்பெற்றது.

தொல்காப்பிய மரபியல் நூலை முதல், வழி என இரண்டாகப் பகுத்து, வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்தல் என நால்வகைப்படுத்துகின்றது. இப்பகுப்பைக் கட்டடத்துக்கு ஏற்றிப் பார்த்தல் பொருத்தமற்றதாகாது. கிப்ஸின் நூல் முதல்நூலாயின், எழும்பூர்க் கோயில் அதன் வழிநூல். கட்டிய கோயிலின் முகப்பையும் கட்டாத கோயிலின் வட்டத்தையும் ஒன்று சேர்த்தமையின் அதனைத் தொகுத்தல் எனலாம். ஆயினும், மொழிபெயர்ப்பு என்பதே அதற்குச் சிறந்த பெயராகும் என்பது என் துணிபு. மொழிபெயர்ப்பாளர் மூலத்தின் பொருளை வேறொரு மொழியின் ஒலியாலும் இலக்கணத்தாலும் மீண்டும் ஆக்குகின்றார். இங்கோ, போர்ட்லாந்துக் கல்லில் எண்ணப்பட்ட வடிவம், செங்கல்லாலும் சுண்ணாம்பாலும் மீண்டும் ஆக்கப்பட்டது. மூலத்திலுள்ள சொல் ஒன்றேனும் எஞ்சவில்லை, பொருள் எஞ்சியது.

படம் காட்டாதவை

கிப்ஸின் படங்கள் தரைப்படம், முகப்புப் படம், வெட்டுமுகப் படம் என அமைந்தவை. தூணின் உயரத்தையும் வளைவின் அகலத்தையும் அவற்றைக்கொண்டு அளந்தறியலாம். நிலத்தின் அடியில் செய்ய வேண்டுவதை அவை கூறா. எழும்பூரில் தோண்டிய இடமோ நீரூறும் மென்னிலம். நூற்றடியையும் மிக விஞ்சி உயரும் கோபுரத்தை அந்நிலம் தாங்குமாறு செய்தற்கு ஐரோப்பிய நூலில் வழியில்லை. டி ஹாவிலண்ட் இந்நாட்டு முறையான கிணற்று அடித்தளத்தை மேற்கொண்டார். சுட்ட மண்ணாலும் செங்கல்லாலும் ஆகிய வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கி, உட்புறத்தை நிரப்பி, அக்கிணறுகளின்மேல் சுவரையும் தூணையும் எழுப்புவது அம்முறை. அவ்வாறு இறக்கிய கிணறுகள் ஏறத்தாழ 150. அவற்றின் ஆழம் 14 அடி முதல் 50 அடி வரை வேறுபடும் என்பர்.

சுடுமண் வளையங்களை அடுக்கிக் கிணறு அமைக்கும் அறிவு தமிழ்நாட்டுக்குப் புதியதன்று. அரிக்கமேட்டிலும் கீழடியிலும் அகழாய்வில் வெளிப்பட்ட உறைகிணறுகள் அதன் பழமையை மெய்ப்பிக்கும். அவை நீர் வேண்டி அமைந்தன. எழும்பூர்க் கிணறுகள் கனம் தாங்க அமைந்தன. பயன் வேறாயினும், வளையத்தைச் சாயாமல் மண்ணுள் இறக்கும் கைத்திறம் உறவுடையதே.

கூரையும் அவ்வாறே. தூய மார்ட்டின் கோயிற்கூரை மரத்தால் ஆயது. சென்னையில் மரம் கறையானுக்கு இரையாகும். ஆதலின், இங்குக் குவிமாடம் கட்டுவேலையாகவே எழுந்தது. சுவரின் வெண்மையும் படத்திலிருந்து வந்ததன்று. கிளிஞ்சலைச் சுட்டு நீற்றிய சுண்ணாம்பைப் பலகால் அரைத்து, முட்டையின் வெண்கருவும் தயிரும் நெய்யும் சேர்த்துப் பூசி, மாக்கல் தூள்கொண்டு தேய்த்துச் சலவைக்கல்லைப் போல் ஒளிரச் செய்யும் முறை சென்னைக் கொத்தர்க்குக் கைவந்தது. 1780இல் சென்னைக் கடற்கரையை அடைந்த ஓவியர் வில்லியம் ஹாட்ஜஸ், அந்நகரின் வெண்ணிறத் தூண்வரிசைகளைப் பழங்கிரேக்க நகரொன்றன் தோற்றத்தோடு ஒப்பிட்டு எழுதினார். அவ்வொப்புமைக்கு வடிவைத் தந்தது ஐரோப்பிய நூல். ஒளியைத் தந்தது இந்நிலத்துச் சுண்ணாம்பு.

காஞ்சியிலிருந்து சென்ற வடிவம்

வடிவம் ஊர்விட்டு ஊர் செல்லுதற்கு அச்சுநூல் ஒன்றே வழியன்று. காஞ்சிக் கைலாசநாதர் கோயிலே இதற்குச் சான்று. எட்டாம் நூற்றாண்டிற் காஞ்சியைக் கைப்பற்றிய சளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன், அக்கோயிற் செல்வத்தைக் கவராது மீண்டும் அளித்தான் என்று அங்குள்ள கன்னடக் கல்வெட்டுக் கூறும். அவன் தேவி லோகமகாதேவி பட்டதக்கல்லில் எழுப்பிய விருபாட்சர் கோயில் கைலாசநாதர் கோயிலின் அமைப்பைத் தழுவியது என்பது கலை வரலாற்றார் கருத்து. பட்டதக்கல் கல்வெட்டு அக்கோயிலை அமைத்த குண்டன் என்பானைத் தென்றிசைச் சூத்திரதாரி என்று சிறப்பிக்கின்றது. அவன் காஞ்சியைச் சேர்ந்தவன் என்று துணிதற்கு அஃது ஒன்றே போதாது. ஆயினும், அங்கு வடிவத்தைச் சுமந்து சென்றவர் கைத்தொழில் வல்லாரே என்பதும், அவருள் ஒருவன் பெயர் கல்லில் நிலைத்தது என்பதும் தெளிவு.

எழும்பூரில் நிகழ்ந்தது வேறு. கிப்ஸின் படங்களில் வரைந்தவர் பெயரும் செப்புத்தகட்டிற் செதுக்கியவர் பெயரும் பொறிக்கப்படுதல் வழக்கம். கோயிலைப் பற்றிய நூல்களில் பொறியாளர் பெயர் முன்னிற்கின்றது. கிணறு இறக்கியவரும், வளைவு கட்டியவரும், சுண்ணாம்பு தேய்த்தவரும் பெயரின்றி நின்றனர். மூலநூலாசிரியர் பெயரையும் பதிப்பாசிரியர் பெயரையும் அட்டையில் இட்டு, மொழிபெயர்ப்பாளர் பெயரை விட்டுவிட்டதை இது ஒக்கும்.

முடிபு

காஞ்சிக் கோயில்களும் பின்னர் அச்சுநூல் ஆயின. அலெக்சாந்தர் ரீ அளந்து வரைந்த பல்லவர் கட்டடக் கலை நூல் 1909இல் சென்னையில் வெளிவந்தது. இனி வரும் ஒருவர் அந்நூலைக்கொண்டு கைலாசநாதர் கோயிலை வேறோரிடத்திற் கட்ட முற்படினும், மணற்கல்லின் இயல்பையும் அதன்மேற் பூசிய சுதையின் பக்குவத்தையும் அந்நூலிலிருந்து முழுதும் பெறுதல் இயலாது. குறை அந்நூலின் மேலதன்று. படம் என்னும் கருவியின் எல்லை அது.

ஓலைச்சுவடியை ஆராய்வார், எழுதினவர் யார், எந்தப் படியைப் பார்த்து எழுதினார், எங்கே விட்டார், எங்கே சேர்த்தார் என வினவியே பாடத்தைத் துணிவர். பழைய கட்டடப் படத்தையும் அவ்வாறே வினவுதல் வேண்டும். வரைந்தவர் நேரிற் கண்டாரா? கண்ட ஆண்டு யாது, அச்சிட்ட ஆண்டு யாது? படத்தில் இடம்பெற இயலாத நிலமும் பொருளும் உழைப்பும் யாவை? முதலிரண்டு வினாவும் படத்தின் உண்மையை அளக்கும். மூன்றாவது, அப்படத்திலிருந்து எழுந்த கட்டடம் யாருடைய ஆக்கம் என்பதைக் காட்டும். எழும்பூர்க் கோயிலை ஆங்கிலக் கட்டடம் என்று மட்டும் எழுதிச் செல்வோமாயின், அதன் அடியிற் புதைந்த நூற்றைம்பது கிணறுகளையும் மறந்தவர் ஆவோம். கோபுரத்தை இரு நூற்றாண்டுகளாகத் தாங்கி நிற்பவை அவையே.