ஒரு போர் வெற்றி, மூன்று சொந்தக்காரர்கள்

இலங்கையில் அதிபரை மக்கள் நேரடியாக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். 1978 அரசியலமைப்பு கொண்டுவந்த ஏற்பாடு இது. முதல் தேர்தல் 1982-இல் நடந்தது. நாட்டின் தலைவர், அரசாங்கத்தின் தலைவர், முப்படைகளின் தலைவர் எல்லாம் அவரே. பாதுகாப்பு அமைச்சையும் பெரும்பாலும் அவரே வைத்துக்கொள்வார். ஆகவே போர்க்காலத்தில் ஓட்டுச் சாவடிக்குப் போகிறவர், போரை யார் நடத்துவது என்பதையும் அந்த ஒரே சீட்டில் முடிவு செய்கிறார்.

இந்தியாவில் இந்த நிலை வரவில்லை. இங்கும் முப்படைகளின் உச்சத் தலைமை, அரசியலமைப்பின் 53-ஆவது பிரிவின்படி, குடியரசுத் தலைவரிடம்தான் இருக்கிறது. ஆனால் அவரைத் தேர்ந்தெடுப்பவர்கள் எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும், போரை முடிவு செய்வது அமைச்சரவை. 2002-இல் மட்டும் அபூர்வமான ஒரு போட்டி அமைந்தது. ஏவுகணை விஞ்ஞானி அப்துல் கலாமை எதிர்த்து, இடதுசாரிகளின் வேட்பாளராக, நேதாஜியின் ஜான்சி ராணி படைக்குத் தலைமை தாங்கிய கேப்டன் லட்சுமி நின்றார். மலேயா ரப்பர் தோட்டங்களிலிருந்து வந்த தமிழ்ப் பெண்கள் பலர் அந்தப் படையில் துப்பாக்கி ஏந்தியவர்கள். கலாமுக்குக் கிடைத்த வாக்கு மதிப்பு 9,22,884, லட்சுமிக்கு 1,07,366. போர்க்களத்தைப் பார்த்தவர் யார் என்பது அந்தத் தேர்தலில் பேச்சாகவே இல்லை. கட்சிகளின் கணக்கு முன்பே முடிந்துவிட்டிருந்தது.

இலங்கையில் அதுவே ஒரு முழுத் தேர்தலின் பேச்சாக இருந்தது. 2009 மே மாதம் முல்லைத்தீவுக் கடற்கரையில் விடுதலைப் புலிகளுடனான போர் முடிந்தது. கடைசி மாதங்களில் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்று ஐ.நா. பொதுச் செயலாளர் அமைத்த நிபுணர் குழு 2011-இல் சொன்னது. தெற்கே அந்த மே மாதத்தில் வெடி வெடித்தார்கள், பாற்சோறு பொங்கிப் பகிர்ந்தார்கள். அந்தக் கொண்டாட்டத்துக்கு மூன்று முகங்கள்: அதிபர் மகிந்த ராஜபக்ச, அவர் தம்பியும் பாதுகாப்புச் செயலாளருமான கோத்தபய, ராணுவத் தளபதி சரத் ஃபொன்சேகா.

மூவரில் மகிந்த வக்கீல், சீருடை போட்டவரல்ல. 2005-இல் 50.29 சதவீத ஓட்டில் மயிரிழையில் வென்றவர். அந்தத் தேர்தலைப் புலிகள் புறக்கணிக்கச் செய்ததால் வடக்கில் பெரும்பாலும் ஓட்டு விழவில்லை என்பதும் அந்த வெற்றிக்கு ஒரு காரணம். கோத்தபய ராணுவத்தில் லெப்டினன்ட் கர்னல் வரை உயர்ந்து, 1987 வடமராட்சித் தாக்குதலில் பங்கெடுத்து, 1991-இல் விலகி, பின்னர் அமெரிக்காவில் குடியேறியவர். அண்ணனின் தேர்தலுக்காக 2005-இல் திரும்பி வந்தார். ஃபொன்சேகா 1970-இல் சேர்ந்த முழுநேரச் சிப்பாய். 2006 ஏப்ரலில் கொழும்பு ராணுவத் தலைமையகத்துக்குள் நடந்த தற்கொலைத் தாக்குதலில் படுகாயம் அடைந்தார். சிங்கப்பூரில் சிகிச்சை முடித்து அதே நாற்காலிக்குத் திரும்பினார்.

போர் முடிந்த ஆறு மாதத்துக்குள் மூவரும் இரண்டு பக்கமாகப் பிரிந்தார்கள். ஜூலையில் ஃபொன்சேகாவைக் கூட்டுப் படைகளின் தலைவராக ‘உயர்த்தினார்கள்’. பெயர் பெரிது, கையில் படை இல்லை. ராணுவப் புரட்சி செய்துவிடுவார் என்று தன்னைச் சந்தேகித்தது மனதைப் புண்படுத்தியதாக எழுதி வைத்துவிட்டு அவர் நவம்பரில் விலகினார். மகிந்தவோ பதவிக் காலம் இன்னும் இரண்டு ஆண்டு மீதமிருக்கத் தேர்தலை முன்னுக்கு இழுத்தார். வெற்றியின் சூடு ஆறுவதற்குள் ஓட்டாக மாற்றிக்கொள்ளும் கணக்கு அது. அந்த நவம்பரில் வெளிவந்த புதிய 1,000 ரூபாய் தாளின் ஒரு பக்கத்தில் மகிந்தவின் உருவம், மறுபக்கத்தில் கொடி ஏற்றும் சிப்பாய்கள். வெற்றி அதிபருடையதா, சிப்பாயுடையதா? போட்டியே அதைப் பற்றித்தான்.

எதிர்க்கட்சிகள் ஃபொன்சேகாவை அன்னம் சின்னத்தில் நிறுத்தின. வலதுசாரி ஐக்கிய தேசியக் கட்சியும் இடதுசாரி ஜே.வி.பி.யும் ஒரே மேடையில் ஏறின. ஏன் ஒரு ஜெனரல்? போரை வென்றவரை எதிர்த்து ஒரு சாதாரண அரசியல்வாதியை நிறுத்தினால் தேசத் துரோகி என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். ஜெனரலை அப்படிச் சொல்ல முடியாது. இந்த யோசனை அமெரிக்காவிலும் அடிபட்டிருக்கிறது. வியட்நாம் போரில் பதக்கங்கள் பெற்ற ஜான் கெரியை, வியட்நாமுக்கே போகாத ஜார்ஜ் புஷ்ஷுக்கு எதிராக 2004-இல் ஜனநாயகக் கட்சி நிறுத்தியது. கெரியின் பதக்கங்களே சந்தேகத்துக்குரியவை என்று முன்னாள் கடற்படையினர் சிலர் விளம்பரம் செய்தார்கள், புஷ் வென்றார். சேவைப் பதிவேடு கவசமாக உதவும் என்று நம்பிப் போட்டால் முதல் அம்பு அதன்மேல்தான் விழுகிறது.

ஃபொன்சேகாவுக்கும் அதுதான் நடந்தது. சரணடைய வந்த புலித் தலைவர்களைச் சுடச் சொன்னவர் கோத்தபய என்று அவர் கூறியதாக 2009 டிசம்பரில் கொழும்பு வார இதழ் ஒன்று வெளியிட்டது. தான் சொன்னதைத் திரித்துவிட்டார்கள் என்று அவர் மறுத்தும் பயனில்லை. ராணுவத்தைக் காட்டிக்கொடுத்தவர் என்ற பேச்சு கிராமம் கிராமமாகப் போய்ச் சேர்ந்தது.

தமிழ் வாக்காளருக்கு இருந்த தேர்வு கொடுமையானது. போருக்கு உத்தரவிட்டவர் ஒருவர், போரை நடத்தியவர் மற்றவர். இலங்கை சிங்களவருக்கு உரிய நாடு என்று 2008-இல் பேட்டி கொடுத்தவரும் இதே ஃபொன்சேகாதான். ஆனாலும் சம்பந்தன் தலைமையிலான தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு, ஆட்சி மாறினால் போதும் என்று அவரையே ஆதரித்தது. யாழ்ப்பாண மாவட்டத்தில் நாலில் ஒருவர்தான் ஓட்டுப் போட வந்தார். வந்தவர்களில் ஏறத்தாழ 64 சதவீதம் பேர் அன்னத்துக்குக் குத்தினார்கள். அது ஜெனரல்மேல் அன்பால் விழுந்த ஓட்டு அல்ல.

2010 ஜனவரி 26 வாக்குப்பதிவு. ஃபொன்சேகா பெயர் வாக்காளர் பட்டியலிலேயே இல்லை, அவரால் தனக்கே ஓட்டுப் போட முடியாது என்பது அன்றுதான் வெளியே வந்தது. மகிந்தவுக்கு 60,15,934 ஓட்டு, 57.88 சதவீதம், ஃபொன்சேகாவுக்கு 41,73,185. வடக்கு, கிழக்கு, மலையகத்து நுவரெலியா ஆகியவற்றில் ஜெனரல் முந்தினார். சிங்கள மாவட்டங்கள் அனைத்தும் அதிபர் பக்கம் நின்றன. போரில் எந்தப் பகுதியை அவர் படை நொறுக்கியதோ அங்கே வென்று, எந்த மக்களுக்காக வென்றுகொடுத்தாரோ அவர்களிடம் தோற்றார்.

பிப்ரவரி 8-ஆம் தேதி அவரைக் கைது செய்தார்கள். சீருடையில் இருந்தபோதே அரசியல் பேசினார் என்று ஆகஸ்டில் ராணுவ நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பதவி, பதக்கம், ஓய்வூதியம் எல்லாம் பறிபோயின. அந்தத் தீர்ப்புக்கு ஒப்புதல் கையெழுத்துப் போட வேண்டியவர் முப்படைத் தலைவர். அதாவது தேர்தலில் அவரைத் தோற்கடித்த மகிந்த. நாற்பது ஆண்டுப் பதிவேடு அந்த ஒரு கையெழுத்தில் இல்லாமல் போனது. ஆயுதக் கொள்முதல் வழக்கில் 30 மாதச் சிறையும் சேர்ந்தது. 2012 மே மாதம் வெளியே வந்தார். 2015 ஜனவரியில் மகிந்தவைத் தோற்கடித்த மைத்திரிபால சிறிசேன பதவிக்கு வந்த சில நாட்களில் எல்லாவற்றையும் திருப்பித் தந்தார். மார்ச்சில் இலங்கையின் முதல் ஃபீல்ட் மார்ஷல் ஆக்கினார். களத்தில் நடந்தது 2009-இலும் 2010-இலும் 2015-இலும் ஒன்றுதான். மாறியது அதிபர்.

கோத்தபயவின் முறை 2019-இல் வந்தது. அந்த ஏப்ரல் 21-இல் ஈஸ்டர் குண்டுவெடிப்புகள் நடந்திருந்தன; பாதுகாப்பைத் தரத் தெரிந்தவர் என்ற ஒற்றை முழக்கம் போதுமானதாக இருந்தது. அவருடைய அமெரிக்கக் குடியுரிமைப் பிரச்சினை நீதிமன்றம் வரை போய்த் தள்ளுபடியானது. 69,24,255 ஓட்டுகளுடன், 52.25 சதவீதம் பெற்று வென்றார். யாழ்ப்பாணத்தில் கிடைத்தது ஆறு சதவீதம் சொச்சம். பதவிப் பிரமாணத்துக்கு அனுராதபுரம் ருவன்வெலிசாய தாதுகோபுரத்தைத் தேர்ந்தெடுத்தார். தமிழ் மன்னன் எல்லாளனை வென்ற சிங்கள மன்னன் துட்டகைமுனு கட்டத் தொடங்கியது அது. இடத்தின் பொருள் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. சிங்கள மக்களின் ஓட்டால் மட்டுமே வெல்லலாம் என்று தெரிந்திருந்தது என அங்கேயே பேசினார்.

போரை வென்றவர் உர மூட்டையையும் பெட்ரோல் வரிசையையும் வெல்ல முடியவில்லை. ரசாயன உரத்துக்கு 2021-இல் ஒரே நாளில் தடை போட்டதில் விளைச்சல் சரிந்தது. அந்நியச் செலாவணி தீர்ந்தது. 2022 ஜூலையில் மக்கள் அதிபர் மாளிகைக்குள் புகுந்தார்கள். முன்னாள் லெப்டினன்ட் கர்னல் விமானப்படை விமானத்தில் மாலத்தீவுக்குத் தப்பினார். சிங்கப்பூரிலிருந்து விலகல் கடிதம் அனுப்பினார்.

2024 செப்டம்பர் தேர்தலில் ஃபீல்ட் மார்ஷல் ஃபொன்சேகா மறுபடி நின்றார், இம்முறை சுயேச்சையாக. நாடு முழுவதிலும் அவருக்கு விழுந்தது 22,407 ஓட்டு. அதே தேர்தலில் தமிழ்ப் பொது வேட்பாளராக நின்ற அரியநேத்திரன் பெற்றது 2,26,343.