ஈரக் காற்றில் நாதசுவரம்

கும்பகோணம் அருகேயுள்ள நரசிங்கன்பேட்டை நாதசுவரத்திற்கு 2022ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. பழைய வீடுகளில் உத்திரமாகக் கிடந்து பல்லாண்டு காய்ந்த ஆச்சா மரத்தையே அங்குள்ள ஆசாரிகள் தேடி வாங்குகின்றனர். பச்சை மரம் காயும்போது சுருங்கும், துளை கோணும், சுருதி கெடும்.

அப்படிக் காய்ந்த மரம் ஸ்ரீ கெம்பாங்கானுக்கு வந்தால் என்னவாகும்? கிள்ளான் பள்ளத்தாக்கில் காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காடு. போதாக்குறைக்கு நம் மூச்சும் ஈரம் நிறைந்தது. அதன் வெப்பம் ஏறத்தாழ 34 பாகை செல்சியஸ். குழலின் உட்சுவர் அதைவிடக் குளிர்ந்திருந்தால் நீராவி அங்கே துளிகளாகப் படியும். ஆகவே, பிரிக்பீல்ட்ஸ் கந்தசுவாமி கோயில் வாசலில் வாசிப்பதைவிட, குளிரூட்டிய திருமண மண்டபத்தில்தான் நீர் அதிகம் கோக்கும். வாசித்து முடித்த பின்னரோ, வெளிக்காற்றே ஈரமாக இருப்பதால் குழல் எளிதில் காயாது. அப்படியே பெட்டியில் மூடினால் பூஞ்சணம் பிடிக்கும்.

முதலில் பாதிக்கப்படுவது சீவாளி. நாணல் வகைத் தட்டையால் ஆன அதற்கு அளவான ஈரம் தேவை. மிகுந்தால் தளர்ந்து ஒலி மங்கும். வித்துவான்கள் குழலில் பல சீவாளிகளைக் கட்டித் தொங்கவிடுவது வெறும் அலங்காரத்திற்கு அன்று. ஒன்று தளர்ந்தால் மற்றொன்று கைகொடுக்கும்.

பயிலும் மாணவர்கள் கவனிக்க வேண்டியவை:

1. குளிர்ந்த மண்டபத்தில், வாசிக்குமுன் குழலைக் கையில் வைத்துச் சற்றுச் சூடேற்றுங்கள்.

2. முடித்ததும் சீவாளியைக் கழற்றி, நீரை உதறி, காற்றோட்டமான நிழலில் உலர்த்துங்கள்.

3. நூலில் கட்டிய மெல்லிய பருத்தித் துணியால் உட்புறத்தைத் துடையுங்கள். துணி உள்ளே சிக்காத அளவில் இருக்கட்டும்.

4. வெயிலில் வைக்காதீர்கள், முடி உலர்த்தும் கருவியையும் நாடாதீர்கள். வெளிப்புறம் விரைந்து சுருங்க, உட்புறம் ஈரமாகவே நிற்கும். அந்த இழுபறியில் மரம் வெடிக்கும்.

5. நன்கு உலர்ந்த பின் பெட்டியில் வைத்து, உடன் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைப் போடுங்கள்.

புல்லாங்குழலுக்கும் கிளாரினெட்டுக்கும் இவற்றுள் பெரும்பாலானவை பொருந்தும். வெடித்த குழலுக்கு மாற்று வேண்டுமென்றால் கடல் கடந்துதான் வரவேண்டும். பயிற்சி முடிந்ததும் ஐந்து நிமிடம் ஒதுக்கினால், இன்று நாம் வாசிக்கும் குழலை நாளை நம் இளையோரும் வாசிப்பர்.