பெரிய எஞ்சின் கைவிட்ட பிறகு

வேறொரு கோளை நெருங்கும் விண்கலம் சரியான நேரத்தில், சரியான அளவுக்கு வேகத்தைக் குறைத்தாக வேண்டும். இல்லாவிட்டால் கோளின் ஈர்ப்பு அதன் பாதையைச் சற்று வளைத்துவிட்டு அப்படியே அனுப்பிவிடும். ஜப்பானின் 'அகாட்சுகி' 2010 டிசம்பர் 7 அன்று வெள்ளியை அப்படித்தான் கோட்டைவிட்டது. சுமார் 12 நிமிடம் எரிய வேண்டிய முதன்மை எஞ்சின் இரண்டரை நிமிடம் தாண்டியதுமே நின்றது. எரிபொருள் தொட்டிக்கு ஹீலியம் வாயுவை அனுப்பும் வழியில் இருந்த வால்வை உப்பு அடைத்துக்கொண்டது. எரிபொருளின் ஆவியும் ஆக்சிஜனேற்றியின் ஆவியும் கலந்து உண்டான உப்பு அது. எரிபொருள் வரத்து குறைந்தது, வெப்பம் எகிறியது, பீங்கானால் ஆன முனைக்குழல் உடைந்தது என்பது விசாரணையில் வந்த முடிவு.

சரியாக ஐந்து ஆண்டுகள் சூரியனைச் சுற்றிவிட்டு, 2015 டிசம்பர் 7 அன்று அதே கலம் வெள்ளியின் சுற்றுப்பாதைக்குள் நுழைந்தது. பொறுமைக்குக் கிடைத்த பரிசு என்று பலரும் பாராட்டினார்கள். எனக்கு அந்த விளக்கம் போதவில்லை. கலத்தைத் திருப்புவதற்காக வைத்திருந்த நான்கு சிறு எஞ்சின்கள் சுமார் 20 நிமிடம் எரிந்துதான் வேகத்தைக் குறைத்தன. அவற்றுக்கு ஹைட்ரசின் மட்டும் போதும், ஆக்சிஜனேற்றி தேவையில்லை. ஆகவே பயனற்றுப்போன 65 கிலோ ஆக்சிஜனேற்றியை 2011-லேயே விண்வெளியில் கொட்டி எடையைக் குறைக்க முடிந்தது. உடைந்த உறுப்பை நம்பாத இன்னொரு வழி கலத்துக்குள்ளேயே இருந்ததுதான் அதைக் காப்பாற்றியது.

அதிர்ஷ்டமும் இருந்ததே என்று கேட்கலாம். இருந்தது. 1998-ல் செவ்வாய்க்குக் கிளம்பிய ஜப்பானின் 'நொசோமி'யும் வால்வுக் கோளாறுக்குப் பிறகு சூரியனைச் சுற்றிக் காத்திருந்தது. 2002-ல் சூரிய வெடிப்பில் மின்சுற்று பழுதாகி, 2003-ல் கைவிடப்பட்டது. காத்திருப்பதிலும் ஆபத்து உண்டு. திட்டமிட்டதைவிடச் சூரியனை நெருங்கிச் சென்ற அகாட்சுகி தப்பியது. ஆனால் சிறு எஞ்சின்கள் தனித்து இயங்க முடியாதிருந்தால், அந்த அதிர்ஷ்டத்தை வைத்துக்கொண்டு என்ன செய்திருக்க முடியும்?

இன்னொரு குறை நியாயமானது. 30 மணி நேரத்தில் ஒருமுறை சுற்ற வேண்டிய கலத்துக்குப் பத்து நாளுக்கும் மேல் பிடித்தது. நெருக்கத்தில் பார்க்கும் வாய்ப்பு பெருமளவு போனது. ஆனாலும் வந்து சேர்ந்த சில மணி நேரத்திலேயே, மேக உச்சியில் 10,000 கிலோமீட்டர் நீளத்துக்கு வில்போல் வளைந்த அமைப்பொன்றை அது படம்பிடித்தது. நொடிக்கு 100 மீட்டர் வேகத்தில் காற்று ஓடிக்கொண்டிருக்க, அந்த வில் மட்டும் கீழேயுள்ள மேட்டுநிலத்துக்கு நேர்மேலே நாள்கணக்கில் நகராமல் நின்றது. நாலரை ஆண்டு ஆயுளுக்கு வடிவமைத்த கலம், 2024 ஏப்ரலில் தொடர்பு அறும்வரை வெள்ளியைக் கவனித்தபடி இருந்தது.