உங்களுக்குத் தெரியுமா? ராணுவத் துப்பாக்கிக்கும் மறுவாழ்வு உண்டு!

ஒரு ராணுவத்தின் ரைபிள் அடிக்கடி மக்கர் செய்தால், மொத்தத்தையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்க வேண்டுமா? இரண்டு நாடுகள் இரண்டு விதமாக முடிவெடுத்தன.

● பிரிட்டன்: பழுது பார்த்தது. 1985-ல் அறிமுகமான எஸ்ஏ80 ரைபிள், 1991 வளைகுடாப் போரில் பாலைவன மணலில் திணறியது. 2000-ல் ஜெர்மனியின் ஹெக்லர் அண்ட் கோக் நிறுவனத்திடம் சீரமைப்பு வேலை தரப்பட்டது. சுமார் 2 லட்சம் துப்பாக்கிகள். ஒன்றுக்கு ஏறத்தாழ 400 பவுண்டு செலவு.

● என்ன மாறியது? போல்ட், ஃபயரிங் பின், மேகசின் எனப் பல பாகங்கள். கண்ணில் பட்ட மாற்றம் தோட்டா ஏற்றும் கைப்பிடிதான். காற்புள்ளி போல வளைந்த புதிய பிடி, சுட்டபின் தெறிக்கும் காலி உறையை வெளியே தள்ளிவிட்டது. உறை உள்ளே சிக்குவது வெகுவாகக் குறைந்தது.

● பிரான்ஸ்: புதிது வாங்கியது. அங்கே பழைய ஃபமாஸ் ரைபிளைத் தயாரித்த செயிண்ட் எட்டியென் ஆலை மூடப்பட்டுவிட்டது. 2016-ல் எச்கே416 தேர்வானது. அதைச் செய்வதும் அதே ஹெக்லர் அண்ட் கோக்தான்!

● எப்படி முடிவெடுப்பது? குழலும் உடலும் உறுதியாக இருந்து, உதிரி பாகமும் கிடைத்தால் சீரமைப்பு லாபம். ஆலையே இல்லையென்றால் புதியதே வழி. எதுவானாலும், களத்தில் நிற்கும் சிப்பாய் நம்பிச் சுடக்கூடிய துப்பாக்கியா என்பதே முதல் கேள்வியாக இருக்க வேண்டும்; விலை அதற்குப் பிறகுதான்.